மாடிக்கு வந்த கலெக்டர்

நகரியில் எங்கள் வீட்டின் முன்கட்டில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்துவிட்டுத் திருப்பதியில் ஒரு வேலைக்கான இன்டர்வியூவில் போய் உட்கார்ந்தபோது, எதிரில் இருந்தவர் என் முதல் பதிலைக் கேட்டதுமே நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். இரண்டாவது பதிலுக்குப் பிறகு, "போதும்மா, மாடியிலேர்ந்து கூப்பிட்டா கீழே இருக்கிறவனுக்குக் கேக்கணும், உனக்கு அந்தக் கவலை இல்லை" என்று வேலையைக் கொடுத்துவிட்டார்.

சூரிய வெந்நீர் சாதனம் விற்கிற வேலை. கம்பெனி பெங்களூரில் இருந்தது. திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறத் தெருவில் ஓர் அறை, ஒரு மேஜை, ஒரு டெலிபோன். அந்த டெலிபோனில் வெளியூருக்குப் பேச முடியாது. எனக்குத் துணையாக வெதுருகுப்பத்திலிருந்து ஒரு பிளம்பர். நடுத்தர வயது, நல்ல உடம்பு, எதைப் பற்றியும் அவருக்கு ஒரு தீர்மானமான கருத்து இருந்தது. அது பெரும்பாலும் தவறாக இருந்தது. நான் அவரை அண்ணா என்று கூப்பிட்டேன். அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டார். நான் வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியும் விடவில்லை. "ஆபீஸ்னா மேடம் ஒண்ணு இருக்கணும்" என்பார்.

அப்போது எங்கள் பக்கத்தில் எந்த வீட்டைப் பார்த்தாலும் யாராவது ஒருவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். என் அண்ணன் பெங்களூருக்குப் போய்விட்டான். எதிர்வீட்டு அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போயிருந்தாள். டில்லியில் ஏதோ கதவைத் திறந்துவிட்டார்களாம், இனி வெளிநாட்டுச் சாமானெல்லாம் உள்ளே வருமாம் என்று நைனா பேப்பரைப் பார்த்துச் சொன்னார். என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் தெருக்காரர்கள் வெளியே போனதுதான். நானும் போனேன், புத்தூர் வழியாக ஒரு பஸ் தூரம். ஆனால் மகள் டவுனில் ஆபீசில் இருக்கிறாள் என்று நைனா அதை அமெரிக்கா அளவுக்கு நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் மாதங்களில் ஒன்றும் விற்கவில்லை. வெயிலில் வெந்து கிடக்கிற ஊரில் வெந்நீர் விற்கிறாயா என்று எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் திருப்பதியில் விடியற்காலையில் எந்த லாட்ஜுக்குப் பின்புறம் போனாலும் விறகு பாய்லர் புகைந்துகொண்டிருக்கும். மலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் விடியும் முன்பே குளிப்பவர்கள். பக்கெட் வெந்நீருக்காகப் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நான் அந்த வரிசைகளைப் பார்த்துக்கொண்டே தெருத்தெருவாக நடந்தேன்.

கடைசியில் சம்மதித்தவர் கோவிந்தராஜர் கோயில் பக்கத்தில் ஒரு மூன்று மாடி லாட்ஜை நடத்திவந்த அம்மாள். கனத்த உடம்பு, இடுப்பில் சாவிக்கொத்து, கணீரென்ற தெலுங்கு. எங்கள் மாதிரி தமிழ்நாட்டு எல்லை ஊர்க்காரர்களோடு பேசும்போது தமிழ் தானாக வந்துவிடும். நான் அக்கா என்று கூப்பிட்டேன்; அவருக்கு நான் பாப்பா.

"பாய்லர் பாத்துக்கினு இருந்தவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிட்டான் பாப்பா" என்றார். "அப்பால ஒருத்தனை வெச்சேன். அவனும் போயிட்டான். உன் சூரியன் எங்கயும் போவ மாட்டாரே?"

"சாயந்திரம் போவாரு அக்கா. காலையில வந்துடுவாரு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சாவிக்கொத்திலிருந்து மொட்டை மாடிச் சாவியைக் கழற்றிக் கையில் கொடுத்தார். "கொண்டாந்து வை. தண்ணி சுட்டா வெச்சுக்கிறேன். சுடலைன்னா நீயே தூக்கிக்கினு போயிடு" என்றார்.

அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஆபீஸ் வரைக்கும் ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிளம்பர் அண்ணா உடனே பெங்களூருக்குப் பேசுவதற்கு லாட்ஜ் தெரு முனையில் இருந்த எஸ்டிடி பூத்துக்குப் போனார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் சாதனத்தில் இரண்டு பாகங்கள். ஒன்று நீளமான பீப்பாய் மாதிரி ஒரு டேங்க். இன்னொன்று கறுப்புத் தகடு பதித்து மேலே கண்ணாடி போட்ட தட்டையான பெட்டி. வெயிலை வாங்கித் தண்ணீருக்குக் கொடுப்பது அதுதான். அந்தப் பெட்டிக்கு எங்கள் தொழிலில் பெயர் கலெக்டர்.

லைன் சரியில்லை. அண்ணா கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினாராம்: "கலெக்டர் நாளைக்குக் காலையில நம்ம லாட்ஜுக்கு வந்து சேந்துடணும். ஆமா, ரெண்டு பேரு கூட வரணும். வழியில குலுங்கக் கூடாது, பத்திரம். இங்க எல்லாம் ரெடி பண்ணிக்கினு கீறோம். மாடிக்கு நாங்க ஏத்திக்கினு போறோம்."

பூத்காரர் அதைக் கேட்டார். டீக்கடையில் சொன்னார். அதற்குப் பிறகு அது எப்படிப் பரவியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை நான் அந்தத் தெருவில் திரும்பியபோது வேறு தெருவுக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். குப்பை முழுவதும் அள்ளியிருந்தார்கள். ஓரத்தில் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் கோடு. லாட்ஜ் வாசலில் பெரிய கோலம். லாட்ஜ் அக்கா பட்டுப்புடவை கட்டி, தட்டில் எலுமிச்சம்பழமும் கையில் ரோஜா மாலையுமாக நின்றுகொண்டிருந்தார். பக்கத்து லாட்ஜ் மேனேஜர் சாக்கடை சம்பந்தமாக ஒரு மனுவோடு வந்திருந்தார். பென்ஷன் வராத ஒரு பெரியவர் நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா, நீ இந்தச் சமயத்துலயா வந்தே" என்று அக்கா என் காதில் சொன்னார். "கலெக்டர் காரு வஸ்துன்னாரு, கலெக்டரே வர்றாராம். ஏன்னு தெரியல. ஒருவேளை என் லாட்ஜுக்கு ஏதாச்சும் நல்லது சொல்லப் போறாரோ என்னமோ. உன் சூரியன் வண்டி வந்தா கொஞ்சம் ஓரமா நிறுத்தச் சொல்லு."

எனக்கு அப்போதுகூட விளங்கவில்லை. நானும் புடவையைச் சரிசெய்துகொண்டு ஓரமாக நின்றேன்.

சின்ன லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்து கோலத்தின் மேலேயே நின்றது. எல்லோரும் அதைத் தள்ளிப் போகச் சொல்லிக் கை காட்டினார்கள். வழி காட்ட ஏறியிருந்த பிளம்பர் அண்ணா முன் சீட்டிலிருந்து குதித்தார். பின்பக்கம் ஏறி வைக்கோலை இரண்டு கையாலும் வாரித் தள்ளினார். கண்ணாடி மேல் வெயில் விழுந்து எதிர்ச் சுவரில் பளீரென்று ஒரு கட்டம் ஆடியது.

"கலெக்டர் வந்தாச்சு" என்றார் அண்ணா. "பைய புடிங்கப்பா. தலைகீழா இறக்கிடப் போறீங்க."

வருவதாகச் சொன்ன கலெக்டர் யார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. லாட்ஜ் அக்கா என்னைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். கையிலிருந்த மாலையைப் பார்த்தார். அவர் வயிறு முதலில் குலுங்க ஆரம்பித்தது, பிறகு தோள், பிறகு சாவிக்கொத்து. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படியே போய் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு மாலையைப் போட்டு எலுமிச்சம்பழத்தைச் சுற்றிப் பிழிந்தார். பென்ஷன் பெரியவர் எழுந்து வந்து பெட்டியை உற்றுப் பார்த்து, "இவரு மனு வாங்குவாரா?" என்று நிதானமாகக் கேட்டார். அதற்கு மேல் யாராலும் தாங்க முடியவில்லை. சாக்கடை மனு வைத்திருந்த மேனேஜர் லாட்ஜ் படியில் உட்கார்ந்துவிட்டார்.

கலெக்டர் சுலபமாக மாடி ஏறிவிட்டார். டேங்க்தான் ஏறவில்லை. முதல் மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது. "சுவரை இடிச்சிடலாம்" என்றார் அண்ணா. அக்கா அவரை ஒரு பார்வை பார்த்ததும் கயிறு யோசனைக்கு வந்தார். டேங்கைத் திரும்ப வாசலுக்குக் கொண்டுவந்து, வடக்கயிறு கட்டி, மொட்டை மாடியிலிருந்து இழுப்பது என்று முடிவாயிற்று. இழுக்க ஆள் போதாது.

அந்த நேரத்தில் மலையிலிருந்து இறங்கி வந்தது ஒரு பஸ். அந்த லாட்ஜில் தங்கியிருந்த திருவண்ணாமலைப் பக்கத்து விவசாயிகள், ஆணும் பெண்ணுமாக எல்லோரும் புதுமொட்டை, சந்தனம் பூசிய தலைகள். விஷயம் கேட்டார்கள். வெந்நீருக்கு என்றதும் ஒருவரும் அறைக்குப் போகவில்லை. பாதிப் பேர் மேலே ஏறிக் கயிற்றைப் பிடித்தார்கள், மீதிப் பேர் கீழே நின்று டேங்க் சுவரில் இடிக்காமல் இன்னொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நான் கைப்பிடிச் சுவரில் குனிந்து நின்று, தறிச் சத்தத்தில் வளர்ந்த குரலில், "இழுங்க" என்று கத்தினேன். மேலிருந்து "கோவிந்தா" என்று இழுத்தார்கள். கீழிருந்து "கோவிந்தா" என்று பதில் வந்தது. ஒவ்வொரு கோவிந்தாவுக்கும் டேங்க் ஒரு முழம் ஏறியது. எதிர் லாட்ஜ் ஜன்னல்களிலிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது மாடி ஜன்னலைத் தாண்டும்போது உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்த ஒருவர், வெள்ளையாக ஒரு பெரிய பீப்பாய் வானத்தை நோக்கிப் போவதைப் பார்த்துக் கைகூப்பினார். மொட்டை மாடியில் அது வந்து இறங்கியபோது அங்கிருந்த அத்தனை மொட்டைத் தலைகளும் வெயிலில் பளபளத்தன. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. யாரோ ஒரு அம்மாள் என் கன்னத்தில் சந்தனம் பூசிவிட்டுப் போனாள்.

இன்னொரு சிக்கல் மீதி இருந்தது. நாள் முழுவதும் வெயில் விழ, கலெக்டரின் கண்ணாடி தெற்குப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். திருப்பதியில் மலை வடக்கே இருக்கிறது.

"மலைக்கு முதுகைக் காட்டிக்கினு வைக்கறதா?" என்றார் லாட்ஜ் அக்கா. இப்போது அவர் சிரிக்கவில்லை.

அண்ணா உடனே திருப்பி வைக்கலாம் என்றார். திருப்பினால் தண்ணீர் சுடாது என்று நான் சொன்னேன். மூன்று பேரும் திரும்பி மலையைப் பார்த்தோம். பிறகு அக்கா கீழே போய் வெள்ளைப் பெயிண்டும் சிவப்புப் பெயிண்டும் கொண்டுவந்தார். டேங்கின் பின்புறத்தில், மலையைப் பார்த்த பக்கத்தில், தன் கையாலேயே பெரிய நாமம் போட்டார். "இப்ப இதுதான் முகம்" என்றார்.

மறுநாள் மத்தியானம் வரை நான் மாடியில்தான் நின்றேன். மேகம் ஒன்று வந்தால் அதைக் கண்ணாலேயே தள்ளிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டியதும் அக்கா ஒரு பக்கெட்டோடு பின்கட்டுக் குழாயடிக்கு வந்தார். அண்ணா முந்திக்கொண்டு, "மொதல்ல பச்சத் தண்ணிதான் வரும், மேடம், பயப்படாதீங்க" என்று சொல்லிக் கையை முழுவதும் குழாய்க்கு அடியில் நீட்டித் திறந்தார். அவர் சொன்னது வழக்கம்போலத் தவறு. "அம்மா" என்று அலறிக்கொண்டு கையை உதறினார். அந்த அலறலைப் போல இனிமையான ஒன்றை நான் அதுவரை கேட்டதில்லை. ஆவி பறந்தது. அக்கா ஒரு விரலை வைத்தார், எடுத்தார். மறுபடி வைத்தார். பக்கெட்டில் பச்சைத் தண்ணீர் கலந்து முகத்தைக் கழுவினார். ஈர முகத்தோடு மாடியைப் பார்த்து, "நிப்பு லேது, பொகை லேது" என்றார். நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. பிறகு லாட்ஜில் இருந்த எல்லா அறைக் கதவையும் தட்டி, குளித்தவர்களைக்கூட இன்னொரு முறை குளிக்கச் சொன்னார்.

இந்தக் கதை நகரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நைனா இன்னும் பெரிதாக்கினார். திருப்பதியில் இருக்கிற வெந்நீர் எல்லாம் தன் மகள் வைத்ததுதான் என்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சால்தான் அடுத்த விஷயம் நடந்தது.

எனக்குத் தெரியாமல் வீட்டில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பலமனேரில் ஒரு குடும்பம். அப்பா இல்லை, அம்மாவும் மகனும். மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. சீக்கிரம் அமெரிக்கா போகப் போகிறவன். முதலில் திருமலை தரிசனம், அடுத்த நாள் நகரிக்கு வந்து பெண் பார்ப்பது என்று ஏற்பாடு. முன்னாலேயே சொன்னால் நான் வர மாட்டேன் என்று அம்மா பயந்திருக்கிறாள். அதனால் அன்று காலை என் மாமா திருப்பதிக்கு வந்து, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி என்னைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவதாகத் திட்டம். எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் எந்த லாட்ஜில் தங்குவது என்று அந்தக் குடும்பம் கேட்டபோது, நைனாவால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

அன்று காலை லாட்ஜ் மாடியில் குழாய்க்குள் காற்று அடைத்துக்கொண்டுவிட்டது. அண்ணா ஒரு ஜாயின்ட்டைக் கழற்றிவிட்டு, சின்ன ஸ்பானர் எடுத்து வர ஆபீசுக்குப் போயிருந்தார். நான் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, தரையில் ஒருக்களித்துப் படுத்து, குழாய் வாயில் வாய் வைத்து ஊதிக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, குழாய்க்கு உசுரு குடுத்துக்கினு கீறே?"

நிமிர்ந்து பார்த்தேன். ஒல்லியான ஒரு அம்மாள், ஐம்பது வயதிருக்கும். திருப்பதி வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருந்தார். துவைத்த புடவையைக் காயப்போட வந்திருந்தார்.

"காத்து மாட்டிக்கிச்சும்மா" என்றேன். அந்த நேரம் பார்த்துக் குழாய் இருமியது. இளஞ்சூட்டுத் தண்ணீர் என் முகத்திலும் தலையிலும் பீய்ச்சி அடித்தது. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கிவிட்டு, காயப்போட வந்த புடவையின் முனையால் என் முகத்தைத் துடைத்தார்.

"காலையில குளிச்சேன். அம்மாடி, எங்க பலமனேர்ல பனி இருக்குதே, விறகு பத்தவே பத்தாது. இந்த மாதிரி ஒண்ணு எங்க வீட்ல இருந்தா நான் சாமி ரூம்ல வெச்சுக் கும்பிடுவேன். இது எப்படிம்மா வேலை செய்யுது?"

சொன்னேன். சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், கனமான பச்சைத் தண்ணீர் கீழே இறங்கும், வெயில் இருக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும் என்று. அவர் டேங்கைச் சுற்றிச் சுற்றி வந்து கேள்வி கேட்டார். யாரும் அதுவரை என்னிடம் அவ்வளவு கேள்வி கேட்டதில்லை. பிறகு வெயிலில் உட்கார்ந்துகொண்டு தன் கதையைச் சொன்னார்.

"மத்தியானம் நகரிக்குப் போறோம். பையனுக்குப் பொண்ணு பாக்க. அவங்க நைனாதான் இந்த லாட்ஜுல தங்குங்க, வெந்நீர் சும்மா பறக்கும்னு சொன்னாரு."

"நகரியில யாரு வீட்ல?"

"தறி ஓட்றவங்கதான். பொண்ணு டிப்ளமா படிச்சிருக்குதாம். வேலைக்குக்கூடப் போவுதாம், ஏதோ சூரியன்..."

அவர் பாதியில் நிறுத்தினார். டேங்கைப் பார்த்தார். என் ஈரத் தலையைப் பார்த்தார்.

"உங்க வீடு எங்கம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நகரி" என்றேன். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

இருவரும் எவ்வளவு நேரம் சிரித்தோம் என்று தெரியாது. சிரிப்பு அடங்கும்போது ஒருவரை ஒருவர் பார்ப்போம், மறுபடி ஆரம்பிக்கும். டிபனுக்குக் கூப்பிட அவர் மகன் மேலே வந்தபோது நாங்கள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தோம். "இவதான்டா" என்று அம்மாள் என்னைக் காட்டினார். அவனுக்குக் கண்ணாடி போட்ட, சாதுவான முகம். வணக்கம் சொன்னான். நானும் சொன்னேன். என் கையில் பெரிய ஸ்பானர் இருந்ததால் அது வணக்கம் மாதிரித் தெரிந்ததா என்று சந்தேகம்தான்.

அம்மாள் நகர்ந்து போய்ப் புடவையை ரொம்ப நேரம் காயப்போட்டார். நாங்கள் பேசினோம். அவன் போகப் போகிற ஊரில் பாதி வருஷம் பனி கொட்டுமாம்.

"அங்க வெயிலே இருக்காதா?" என்று கேட்டேன்.

"வெளிச்சம் இருக்குமாம். சூடு இருக்காதாம்."

நான் சுற்றிலும் பார்த்தேன். அந்த மாடியிலிருந்து பார்த்தால் திருப்பதி முழுவதும் மொட்டை மாடிகள். அடுக்கடுக்காக, காலியாக, வெயிலில் வெள்ளையாக. ஒவ்வொன்றிலும் நான் மனதுக்குள் ஏற்கெனவே ஒரு டேங்கை ஏற்றி வைத்திருந்தேன்.

"என்னால வர முடியாதுங்க" என்றேன். "உங்க மேல ஒண்ணும் இல்ல. இங்க இப்பத்தான் தண்ணி சுட ஆரம்பிச்சிருக்கு."

அவனும் அந்த மாடிகளைப் பார்த்தான். பிறகு, "எனக்கே போறதுக்குப் பயமாத்தான் இருக்கு" என்றான். "கூட ஒருத்தர் இருந்தா பயம் குறையும்னு அம்மா சொன்னாங்க. அதுக்காக ஒருத்தரை இழுத்துக்கினு போறது நியாயமில்ல." அதைச் சொன்னதும் அவன் முகம் இலேசாகிவிட்டது. அதற்கப்புறம் அவனும் அந்தத் தண்ணீர் மோட்டார் இல்லாமல் எப்படி ஏறுகிறது என்று கேட்டான். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

விஷயம் தெரிந்ததும் அம்மாள் வருத்தப்பட்டார், ஆனால் கோபப்படவில்லை. நகரிக்கு ஃபோன் செய்து வரவில்லை என்று சொல்லிவிடலாமா என்று மகன் கேட்டான்.

"அவங்க வீட்ல பஜ்ஜிக்கு மாவு கரைச்சிருப்பாங்கடா" என்றார் அம்மாள். "பாவம். போவலாம். துன்னுட்டு, மரியாதையா சொல்லிட்டு வரலாம். நீயும் எங்க வண்டியிலயே வந்துடும்மா."

ஸ்பானரோடு திரும்பி வந்த பிளம்பர் அண்ணா, ஜாயின்ட்டை முடுக்கிவிட்டு, பஜ்ஜி என்ற சொல்லைக் கேட்டு அவரும் வண்டியில் ஏறிக்கொண்டார். இப்படியாக என்னைப் பெண் பார்க்க நானே மாப்பிள்ளை வீட்டாரோடு போனேன். புத்தூரில் வண்டியை நிறுத்தி அந்த அம்மாள் மல்லிகைப்பூ வாங்கி என் ஈரத் தலையில் வைத்துவிட்டார். வழியெல்லாம் பேச்சு, சிரிப்பு. மாப்பிள்ளையாகப் பார்க்க வேண்டியிருந்தால் அவனோடு அவ்வளவு பேசியிருப்பேனா என்று தெரியவில்லை.

வாசலில் நைனா வெள்ளை வேட்டியில் கைகூப்பி நின்றார். முதலில் அம்மாள் இறங்கினார். "வாங்க வாங்க" என்றார் நைனா. மகன் இறங்கினான். "வாங்க தம்பி" என்றார். மூன்றாவதாக நான் இறங்கினேன். நைனாவின் கை கூப்பியபடியே நின்றுவிட்டது. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "உன்னை இட்டுக்கினு வர மாமாவை அனுப்பிச்சேனே" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் சித்திக்கு முறை தவறக் கூடாது. என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே விட்டாள். பட்டுப்புடவை கட்டினாள், தட்டில் காபி டம்ளர்களை வைத்துக் கையில் கொடுத்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு கூடத்துக்கு வந்தேன். விருந்தாளிகளுக்காகத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். அந்த அமைதி பழகாததால் எங்கள் வீட்டார் எல்லோரும் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். பலமனேர் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "ஓகோ, இதான் பொண்ணா" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் காபியை நீட்டினேன். மகன் முகத்தை டம்ளருக்குள் மறைத்துக்கொண்டான். பிளம்பர் அண்ணா பஜ்ஜித் தட்டிலிருந்து நிமிரவே இல்லை.

பிறகு அந்த அம்மாளே எல்லாவற்றையும் பக்குவமாகச் சொன்னார். நைனா முகம் வாடிவிட்டது. அமெரிக்கா என்று தெரு முழுவதும் சொல்லியிருந்தார்.

"பொண்ணைத்தான் குடுக்க மாட்டேன்றீங்க" என்றார் அம்மாள். "எங்க வீட்டு மாடிக்கு அந்த வெந்நீராச்சும் குடுப்பீங்களா?"

நைனா அவரை நம்பாமல் பார்த்தார். பிறகு மெதுவாக, "எவ்ளோ பெருசு வேணும்?" என்று கேட்டார், தானே விற்பவர் மாதிரி. அம்மாவுக்கு மட்டும் வருத்தம் போகவில்லை. மீந்த பஜ்ஜியை எல்லாம் காகிதத்தில் சுற்றிப் பலமனேருக்குக் கொடுத்தனுப்பினாள். அவர்கள் கிளம்பும்போது மாமா தலைதெறிக்க ஓடி வந்தார். "பொண்ணைத் திருப்பதியில காணோம்" என்றார். சித்தி அவர் கையில் ஒரு காபியைக் கொடுத்தாள்.

பலமனேரில் வெந்நீர் சாதனம் வைக்கப் போனபோது பனி. காலை நெடுநேரம் வரைக்கும் எதிர்வீடு தெரியவில்லை. அண்ணா, "இங்க சுடாது மேடம், மூட்டை கட்டுங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. பனி விலகி, வெயில் சுளீரென்று அடித்து, சாயந்திரம் குழாயில் கை வைக்க முடியவில்லை. அந்த அம்மாள் ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பக்கெட் வெந்நீரை வாசலில் கொண்டுவந்து வைத்தார். தக்காளி மண்டிக்குப் போகிறவர்கள், பால் ஊற்ற வருகிறவர்கள் என்று தெருவில் போனவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கையை விடச் சொன்னார்.

அதோடு நிற்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வாசலிலும், "என் மருமவளா வந்திருக்கணும். தப்பிச்சுக்கினா. ஆனா வெந்நீர் நல்லா வெச்சுக் குடுக்கிறா" என்று அறிமுகம் செய்தார். மகன் அமெரிக்கா போனதும் அந்தப் பெரிய வீட்டில் தனியாக உட்கார்ந்து அழுவார் என்று நான் பயந்திருந்தேன். கொஞ்சம் அழுதார்தான். பிறகு ஒரு குடையும் ஒரு ஃபிளாஸ்கும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஃபிளாஸ்கில் சூரியன் காய்ச்சிய தண்ணீர். யார் சந்தேகப்பட்டாலும் மூடியில் ஊற்றிக் காட்டுவார். பலமனேரில் எங்கள் கம்பெனிக்கு அவரைப் போல ஓர் ஆள் கிடைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மகன் ஃபோனில் பனியைப் பற்றிச் சொன்னால், இவர் இந்த வாரம் எந்தெந்த வீட்டில் வெந்நீர் வந்தது என்று சொல்வார்.

அந்த முதல் சாயந்திரம் நாங்கள் திரும்பும்போது ஒரு கூடை தக்காளியைக் கொடுத்தனுப்பினார். மலைச் சரிவில் பஸ் இறங்கியது. திருப்பத்துக்குத் திருப்பம் கூடை சரிந்து தக்காளிகள் பஸ் முழுவதும் உருண்டன. பிளம்பர் அண்ணா கால்களுக்கிடையில் தவழ்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். பயணிகள் ஆளுக்கு ஒன்று எடுத்துச் சட்டையில் துடைத்துக் கடித்தார்கள். எனக்கும் ஒருவர் நீட்டினார். ஒரு திருப்பத்தில் ஜன்னல் வழியாக மேற்கு வெயில் நேராக முகத்தில் அடித்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தக்காளியைக் கடித்தேன், சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது.